நெருப்பு தரும் ஈரம்

பாத்திரத்தின் அடியில் அரும்பும் நீர்

எரிவாயு அடுப்பைப் பற்றவைத்து, குளிர்ந்த நீர் நிரம்பிய பாத்திரம் ஒன்றை அதன்மீது ஏற்றிய சில விநாடிகளுக்குள், பாத்திரத்தின் அடிப்புறத்திலும் விளிம்பை நோக்கிய பக்கங்களிலும் மெல்லிய ஈரம் படர்ந்து, சில சமயங்களில் துளியாகவே திரண்டு சுடரின்மீது உதிர்வதையும், உள்ளிருக்கும் நீர் சூடேறத் தொடங்கியதும் அந்த ஈரம் வந்த சுவடு தெரியாமல் மறைந்துபோவதையும் சமையலறையில் புழங்கும் எவரும் கண்டிருப்பார்கள். பாத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்துவிட்டதோ என்று சந்தேகித்து, அதைக் கவிழ்த்துத் தடவிப் பார்த்தவர்களும் உண்டு. குளிர்ந்த தம்ளரின் வெளிப்புறத்தில் அறைக்காற்றின் ஈரம் படிவதைப் போன்றதுதானே இது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஆனால் அதே பாத்திரத்தை, அதே நீருடன், அடுப்புக்கு அருகில் மேடைமீது வைத்துப் பாருங்கள். வறண்ட பங்குனி மாதத்தில் அதன் அடி அவ்வாறு நனைவதில்லை. சுடரின்மீது வைத்தால்தான் நனைகிறது. அப்படியானால் நீர் எங்கிருந்து வருகிறது?

சுடரிலிருந்தே வருகிறது என்பதுதான் விடை. எரிவாயு, மண்ணெண்ணெய், டீசல், மெழுகு ஆகிய எரிபொருள்கள் யாவும் கரியும் ஜலவாயு எனப்படும் ஹைட்ரஜனும் கூடி அமைந்தவை. எரிதல் என்பது இவ்விரண்டும் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்வதேயாகும். கரி சேர்ந்தால் கரியமில வாயு பிறக்கிறது, ஜலவாயு சேர்ந்தால் நீர் பிறக்கிறது. காற்றிலிருந்து வந்து கலக்கும் பிராணவாயுவின் எடையும் கூடிவிடுவதால், பிறக்கும் நீரின் எடை எரிந்த பொருளின் எடையை விஞ்சி நிற்கிறது: ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ 1.1 லிட்டர் நீர் ஆவியாக வெளிப்படும். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ எரிவாயு உருளை ஒன்று தீர்ந்துபோவதற்குள், ஏறக்குறைய 22 லிட்டர் நீரை நம் சமையலறைக் காற்றில் கலந்துவிடும். சன்னலும் கூரைச் சந்துகளும் அதை ஓசையின்றி வெளியேற்றிவிடுவதால் நாம் அதை அறிவதில்லை.

தென்தமிழ்நாட்டில் வன்னியம்பட்டி போன்ற வெப்பமான ஊரில் வாழும் நமக்கு இந்த உண்மை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே நின்றுவிடக்கூடும். ஆனால் பூமியின் தென்கோடியில், பனிக்காற்று வீசும் சமுத்திரத்தில், நாலடி எடுத்து வைத்தால் முடிந்துபோகும் சிறிய அறைக்குள் மாதக்கணக்கில் வாழ வேண்டிய மாலுமிக்கு, நெருப்பு நீரைத் தரும் என்ற இந்த ஒரு செய்தி, உறக்கத்தையும் ஆரோக்கியத்தையும், சில வேளைகளில் உயிரையுமே, நிர்ணயிப்பதாகிவிடுகிறது.

தென்சமுத்திரத்தில் இருவர்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, கோவாவிலிருந்து நம் கடற்படையின் ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்னும் பாய்க்கப்பலில் இரு பெண்மணிகள் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார்கள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமேன்டில், நியூஸிலாந்தின் லிட்டில்டன், ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நான்கு துறைகளில் மட்டுமே தங்கி, 2025 ஜனவரி 30ஆம் தேதி, எந்தக் கரையிலிருந்தும் இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் 'பாயின்ட் நீமோ' என்னும் தனிமையான இடத்தைக் கடந்து, பிப்ரவரி நடுவில் கேப் ஹார்ன் முனையைச் சுற்றி, மே 29ஆம் தேதி கோவாவுக்குத் திரும்பினார்கள். பாய்களின் துணையோடு, இருவர் மட்டுமே, மாறி மாறி விழித்திருந்து நிறைவேற்றிய பிரயாணம் அது. கோவாவிலேயே கட்டப்பட்டு 2017இல் கடற்படையில் சேர்ந்த தாரிணி, சுமார் 17 மீட்டர் நீளமே உடையது. அதன் உடல், மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் கண்ணாடியிழைப் பூச்சால் மூடிய அடுக்குச் சுவராலானது.

நம் தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற காலத்தில், குளிர்காய வேண்டிய அவசியம் அவற்றின் மாலுமிகளுக்கு நேர்ந்ததில்லை. எந்த மாதத்திலும் அந்தக் கடல்நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். கேப் ஹார்னைச் சூழ்ந்த கடலோ, அங்கே கோடைக்காலமாகிய பிப்ரவரியிலும் 10 டிகிரிக்குக் கீழேயே நிற்கிறது. மார்கழி மாதத்து விடியற்காலையில் நாம் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் 20 டிகிரிக் குளிர், அங்கே செல்லும் மாலுமிக்கு, அடைய விரும்பும் சுகமான உஷ்ணமாகத் தோன்றும் என்று சொன்னால், இரண்டு தேசங்களின் வித்தியாசம் விளங்கும்.

இத்தகைய பிரயாணங்களுக்குரிய படகுகளில் அறையைச் சூடாக்குவதற்கென வைக்கப்படும் சாதனத்தைக் கணப்பு என்ற பழைய பெயராலேயே இங்கே குறிப்பிடுவோம். கணப்பின் கடமை சூடு தருவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சூடு தருவது எளிது. எந்தச் சுடரும் அதைச் செய்துவிடும். சுடர் தந்த நீரையும் நச்சையும் அறைக்குள் விடாமல் வெளியேற்றுவதே கடினமானது என்பதும், கணப்பின் தரத்தை அதைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பதும் என் கருத்து. இதை ஒரு கணக்கின் மூலம் நிறுவ முயல்கிறேன். அதற்கு முன் காற்றின் இயல்பு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நூற்பாலைகள் அறிந்த பாடம்

அந்த இயல்பைப் பற்றி ராஜபாளையத்துக்காரர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்ட நாள் முதல், இவ்வட்டாரத்தில் பல தலைமுறையினர் நூற்பாலைகளில் உழைத்து வந்திருக்கிறார்கள். நூற்கும் கூடத்தில் காற்று வறண்டுபோனால் நூல் அடிக்கடி அறுபடும், பஞ்சு பறக்கும். ஈரம் மிகுந்தால் உருளைகளில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். ஆகையால் கூடத்துக் காற்றின் ஈரத்தை நூற்றுக்கு 55, 60 என்ற அளவில் காத்துவருவதற்கென்றே தனி இயந்திரங்கள் ஓடுகின்றன. சுவரில், ஒன்று உலர்ந்ததும் மற்றொன்று ஈரத்துணி சுற்றியதுமான இரட்டை வெப்பமானிகள் மாட்டப்பட்டிருக்கின்றன.

நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்கிறார்களே, அது எதில் நூறு? அந்த உஷ்ணத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவி முழுவதையும் நூறாகக் கொண்டு, உள்ளபடி இருக்கும் நீராவி அதில் எத்தனை பங்கு என்று சொல்வதே ஒப்பு ஈரப்பதம். தாங்கும் சக்தியோ உஷ்ணத்தோடு வேகமாக வளர்வது. 5 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று, அதாவது நீளம் அகலம் உயரம் மூன்றும் ஒவ்வொரு மீட்டராக உள்ள பெட்டியளவு காற்று, 7 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம். 30 டிகிரியில் 30 கிராம். ஆகவே 5 டிகிரியில் நிறைந்து வழியும் நிலையிலிருந்த காற்றை, நீர் எதையும் சேர்க்காமல், 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே 7 கிராம் இப்போது நூற்றுக்கு 40 பங்காகத் தாழ்ந்துவிடுகிறது. ஒரு துளி நீரையும் அகற்றாமலே காற்று உலர்ந்ததாக மாறி, ஈரத் துணியிலிருந்தும் மெத்தையிலிருந்தும் நீரை உறிஞ்சிக்கொள்ளத் தயாராகிவிடுகிறது. கணப்பு ஓர் அறையை உலர்த்துவதன் முழு ரகசியமும் இதுவே. எனினும், 'நீர் எதையும் சேர்க்காமல்' என்னும் நிபந்தனையை மறந்தோமானால் அந்தப் பலன் அனைத்தும் கைநழுவிப் போகும்.

மறுபக்கமும் உண்டு. ஈரமான காற்று குளிர்ந்த பொருளைத் தொட்டு, தன்னிடமுள்ள நீராவியைத் தாங்க முடியாத அளவுக்குக் குளிர்ந்துவிட்டால், மிகுதியான நீரை அப்பொருளின்மீதே கக்கிவிடும். எந்த உஷ்ணத்தில் இது தொடங்குகிறதோ அதைப் பனிநிலை என்று அழைப்போம்.

ஓர் அறையின் கணக்கு

நாலு மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் கொண்ட ஒரு படகறையைக் கற்பித்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 20 கனமீட்டர். நம் ஊர் வீட்டுப் படுக்கையறையைவிடச் சிறியது. வெளியே காற்று 5 டிகிரி, கடல்நீர் 8 டிகிரி. உள்ளே இருவர். மழைச்சாரலும் அலைத்துளியும் கலந்த வெளிக்காற்று ஈரத்தால் நிறைந்திருப்பதால், அறையைத் திறந்து மூடும்போது உள்ளே சிக்கிய காற்றில், கனமீட்டருக்கு 7 கிராமாக, 140 கிராம் நீராவி இருக்கும்.

இப்போது அவர்கள் கதவை இறுக மூடிவிட்டு, புகைபோக்கியில்லாத மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றைப் பற்றவைக்கிறார்கள் என்று கொள்வோம். நம் வீடுகளில் ஒரு காலத்தில் உறுமிக்கொண்டிருந்த பம்பு ஸ்டவ்வே அது. 1892இல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் உருவாக்கிய பிரைமஸ் அடுப்புதான் நம் அடுப்பங்கரைகளுக்கு வந்த பம்பு ஸ்டவ்வின் மூதாதை. நார்வே நாட்டுத் துருவப் பிரயாணி நான்சென் 1895இல் வடதுருவத்தை நோக்கிப் பனிச்சறுக்கு வண்டியில் சென்றபோது உடன் கொண்டுபோனதும் அந்த வகை அடுப்பே. இரண்டு கிலோவாட், அதாவது குளியலறையில் நீர் சூடாக்கும் மின்கருவி ஒன்றின் அளவுள்ள சூட்டைத் தருவதற்கு அது மணிக்கு ஐந்தில் ஒரு லிட்டர் எண்ணெயைச் செலவிடும்; அதிலிருந்து மணிக்கு 220 கிராம் நீராவி பிறக்கும். இருவருடைய மூச்சும் வியர்வையும் சேர்ந்து மணிக்கு 100 கிராம் அளவில் தரும். ஆக மணிக்கு 320 கிராம், நிமிஷத்துக்குச் சற்றேறக்குறைய 5 கிராம்.

சுவர் இன்னும் கடல்நீரின் குளிரில் 8 டிகிரியில் இருக்கிறது. அந்த உஷ்ணத்தில் காற்று கனமீட்டருக்கு 8.3 கிராம்தான் தாங்கும்; அறை முழுவதற்கும் 166 கிராம். முதலிலேயே 140 கிராம் இருந்ததால், இன்னும் 26 கிராம் சேர்ந்தால் போதும், சுவர் வியர்க்கத் தொடங்கிவிடும். அதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். அடுப்பே இல்லாமல் இருவரும் வெறுமனே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் பதினைந்து நிமிஷத்துக்குமேல் ஆகும் என்பதையும் கவனிக்க வேண்டும். அப்படியானால், குளிரைப் போக்க வந்த அடுப்பு ஈரம் படிவதை மும்மடங்கு விரைவுபடுத்தியிருக்கிறது. முக்கால் மணி முடிவதற்குள் அறைக்காற்று 20 டிகிரியில் தாங்கக்கூடிய 340 கிராமும் நிறைந்துபோய், அதற்குப் பிறகு பிறக்கும் ஒவ்வொரு கிராமும் எங்காவது நீராகப் படிந்தே ஆகவேண்டும். அலுமினியச் சட்டமிட்ட கூரைச் சாளரத்திலிருந்து துளிகள் உறங்குபவர் முகத்தில் சொட்டும். மெத்தையின் அடி நனையும். வரைபடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சில வாரங்களில் பூஞ்சணம் பூக்கும். சூடான அறையில் இருந்துகொண்டே மாலுமி நனைந்தவனாகிறான்.

இனி, அதே இரண்டு கிலோவாட் சூட்டை, எரிந்த வாயு முழுவதையும் ஒரு குழாய் வழியே படகுக்கு வெளியே அனுப்பிவிடும் கணப்பிலிருந்து பெறுவோம். அடுப்பின் 220 கிராம் அறையைத் தொடாமலே போய்விடுகிறது. எஞ்சியிருப்பது இருவருடைய 100 கிராம் மட்டுமே. அதை அகற்ற வெளிக்காற்று வேண்டும். குளிர்ந்த காற்றை உள்ளே விட்டால் சூடு முழுவதும் வீணாகிவிடாதா என்று அஞ்சிச் சந்துகளையெல்லாம் துணி வைத்து அடைப்பது மனித சுபாவம். அந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்போம். மணிக்கு 60 கனமீட்டர் காற்று, அதாவது அறைக்காற்று முழுவதும் மணிக்கு மூன்று முறை மாறும்படியான காற்றோட்டம் இருந்தால், இருவருடைய 100 கிராமும் அதில் பரவி, காற்றின் ஈரம் கனமீட்டருக்கு எட்டரைக் கிராம் அளவில் நின்றுவிடும்; ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 50. இத்தனை காற்றையும் 5 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு ஏற்றுவதற்கு ஆகும் செலவு 0.3 கிலோவாட் மட்டுமே; கணப்பு தரும் இரண்டு கிலோவாட்டில் ஏழில் ஒரு பங்கு. மீதி முழுவதையும் சுவர்கள்தாம் கடலுக்கும் காற்றுக்கும் தந்துகொண்டிருக்கின்றன. காற்று வழியை அடைப்பதால் மிச்சமாவது மிகக் கொஞ்சம். அதற்காக நாம் இழப்பதோ உலர்ந்த அறை முழுவதும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, சாளரத்தைச் சற்றுத் திறந்து வைத்துக் கணப்பை எரிப்பதை ஊதாரித்தனம் என்று எவரும் சொல்லமாட்டார்.

நான்சென் கண்ட வழி

சுவர்களே பெரும்பங்கு சூட்டைக் கொண்டுபோகின்றன என்றால், முதலில் கவனிக்க வேண்டியது சுவர்களைத்தானே? நான்சென் இதை நன்கு உணர்ந்திருந்தார். 1893இல் வடதுருவக் கடலின் உறைபனியில் வேண்டுமென்றே சிக்கிக்கொண்டு மூன்றாண்டு மிதந்து செல்வதற்காக, காலின் ஆர்ச்சர் என்ற கப்பற்சிற்பியைக்கொண்டு அவர் கட்டுவித்த 'ஃப்ராம்' கப்பலின் அறைச் சுவர்களில், கம்பளத்தகடு, தக்கை, பலகை, காற்றுப்புகா லினோலியம் விரிப்பு என அடுக்கடுக்காகப் பதித்து, கூரையில் கலைமான் மயிரைத் திணித்து, வெளிச்சத்துக்கான சாளரத்துக்கு மூன்று கண்ணாடிகளை இட்டிருந்தார். அதற்கு முன் துருவக் கடல்களுக்குச் சென்றவர்களை, குளிரைக் காட்டிலும், அறைச் சுவர்களில் வழிந்து படுக்கையில் உறைந்த ஈரமே அதிகமாக வாட்டியது என்பதை அவர் அறிந்திருந்தார். வெளியே பாதரசம் உறையும் குளிர் நிலவிய நாட்களிலும் ஃப்ராமின் உள்ளறைகள் உலர்ந்தே இருந்தன.

நம் கணக்கில் இதன் பொருள் என்ன? அடுக்குச் சுவர் உடைய படகறையில், உள்ளே 20 டிகிரி நிலைத்த பிறகு, சுவரின் உட்புறம் 16 டிகிரியை ஒட்டி நிற்கும். வெறும் கண்ணாடியிழைத் தகட்டாலான படகில் 12 அல்லது 13 டிகிரிதான் நிற்கும். காற்றோட்டம் ஓரளவு குறைந்து பனிநிலை 14 டிகிரிக்கு ஏறிவிட்ட இரவில், முதல் சுவர் உலர்ந்திருக்க, இரண்டாவது சுவரில் நீர் வழிந்தோடும். தவிரவும், முதல் படகைச் சூடாக்க இரண்டு கிலோவாட் போதுமென்றால், இரண்டாவதற்கு அதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு வேண்டும். கணப்பு வாங்க எண்ணுபவர், அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது முதலில் சுவருக்குச் செலவிடுவது விவேகம்.

மணமில்லாத விஷம்

இதுவரை நீரைப் பற்றியே பேசினோம். சுடர் தரும் மற்றொரு பொருள் அதைவிடக் கொடியது. பிராணவாயு போதுமான அளவு கிடைக்கும் வரையில்தான் கரி முழுமையாக எரிந்து கரியமில வாயுவாகிறது. பற்றாக்குறை வந்தால், அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடாக வெளிப்படுகிறது. நம் கற்பனை அறையில் காற்றோட்டமே இல்லாதிருந்தால், பம்பு ஸ்டவ் ஒரு மணி நேரத்தில் அங்குள்ள பிராணவாயுவில் பத்தில் ஒரு பங்கை உண்டுவிடும். சுடர் தன் உணவையே தின்று தீர்த்துப் பின்னர் விஷத்தைக் கக்கத் தொடங்கும்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையை உறுத்துவதுமில்லை. பிராணவாயுவைச் சுமந்து செல்ல வேண்டிய இரத்தத்தின் செந்நிறப் பொருளைப் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இது பிடித்துக்கொள்வதால், காற்றில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு இருந்தாலே இருபது நிமிஷத்தில் தலைவலியும் மயக்கமும் உண்டாகி, இரண்டு மணிக்குள் உயிர் போய்விடக்கூடும். தலைவலி, குமட்டல், சோர்வு ஆகிய அறிகுறிகளை மாலுமி கடல்நோய் என்றே எண்ணிக்கொண்டு, ஓய்வெடுக்கலாம் என அதே அறைக்குள் போய்ப் படுத்துவிடுவான் என்பதுதான் இதிலுள்ள பெரும் பயங்கரம்.

அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ரிச்சர்ட் பேர்ட், 1934ஆம் ஆண்டின் தென்துருவக் குளிர்காலத்தை, பனிக்குள் புதைந்த ஒரு சிறு குடிலில், வானிலையைக் குறிக்கும் பொருட்டுத் தன்னந்தனியாகக் கழித்தார். எண்ணெய்க் கணப்பின் குழாய் இணைப்புகளில் கசிந்த புகையும், கம்பியில்லாத் தந்திக்கு மின்சாரம் தந்த இயந்திரத்தின் புகையும், பனி அடைத்த காற்றுவழிகளும் சேர்ந்து, மே மாத இறுதியில் அவரை நிலைகுலையச் செய்தன. கணப்பை எரித்தால் விஷம், அணைத்தால் உறையும் குளிர் என்னும் இரண்டுக்கும் நடுவே, நாளில் பல மணி நேரம் அதை அணைத்து வைத்து, உறக்கப் பைக்குள் சுருண்டு கிடந்தே அவர் பிழைத்தார். அவர் அனுப்பிய தந்திச் செய்திகள் தடுமாறுவதைக் கண்டு ஐயுற்ற தோழர்கள், ஆகஸ்டு மாதத்தில் இருளிலும் பனியிலும் வழி கண்டு அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. கொடைக்கானலுக்கு உல்லாசமாகச் சென்ற இளைஞர்கள், இறைச்சி சுட்ட கரியடுப்பைக் குளிருக்காக அறைக்குள் வைத்துக்கொண்டு கதவை அடைத்துப் படுத்து, காலையில் பிணமாகக் கிடந்த செய்தியை நாம் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். புகை அடங்கித் தணலாகிவிட்ட கரியில் அபாயமில்லை என்ற நம்பிக்கை நம் கிராமங்களிலும் இருக்கிறது. அந்த நம்பிக்கை முற்றிலும் தவறு. கண்ணுக்குப் புகை தெரியாத தணல்தான் இந்த வாயுவை மிகுதியாகத் தருவது.

எந்தக் கணப்பு?

புகைபோக்கி இல்லாத எதையும், அது எண்ணெயோ எரிவாயுவோ ஸ்பிரிட்டோ, உறங்கும் அறையில் கணப்பாக வைக்கலாகாது. சுடரின்மீது மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் சூடு பெருகும் என்று சிலர் உறுதியாக நம்புகிறார்கள். சட்டி சூட்டைச் சற்று நேரம் பிடித்து வைத்துச் சுற்றிலும் பரப்புமேயன்றி, எரிந்த எண்ணெய் தராத சூட்டைத் தானாகத் தந்துவிடாது. மின்சாரக் கணப்புக்கு ஈரமும் இல்லை, விஷமும் இல்லை. ஆனால் துறைமுகத்தில் கரையிலிருந்து மின்சாரம் பெறும்போதே அது பயன்படும். படகில் வழக்கமாக உள்ள 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றை, இரண்டு கிலோவாட் கணப்பு ஒரு மணிக்குச் சற்று அதிகமான நேரத்தில் முற்றாக வடித்துவிடும்.

நெடும்பிரயாணத்துக்கு மிஞ்சுபவை டீசல் கணப்புகள் இரண்டு வகை. ஒன்று, டென்மார்க்கின் ரெஃப்ளெக்ஸ், கனடாவின் டிக்கின்ஸன் ஆகிய நிறுவனங்கள் செய்வதுபோன்ற சட்டியடுப்பு. எண்ணெய் துளித்துளியாக ஒரு சட்டிக்குள் இறங்கி எரிய, சூடான வாயு தானாகவே மேலெழுந்து குழாய் வழியே தளத்துக்கு மேல் போய்விடும். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை, ஓசையில்லை, மேலே வெந்நீர்க் கெண்டியும் வைக்கலாம். ஆனால் படகு ஒருபுறமாகச் சாய்ந்து ஓடும்போது சட்டியில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கும். பாயிலிருந்து கீழ்நோக்கி வழியும் காற்று குழாய்க்குள் புகுந்து புகையை அறைக்குள் திருப்பிவிடும். நங்கூரமிட்டுக் கிடக்கும் நாட்களுக்கு இதைவிட இனியது வேறில்லை. கேப் ஹார்ன் புயலில் இதை நம்பியிருக்க நான் விரும்பமாட்டேன்.

மற்றொன்று, எபர்ஸ்பேகர், வெபாஸ்டோ போன்ற ஜெர்மானிய நிறுவனங்கள் லாரிகளுக்கெனச் செய்து பின்னர் படகுகளுக்கும் பரவிய விசிறிக் கணப்பு. இதில் சுடர் ஒரு மூடிய உலோக அறைக்குள் எரிகிறது. எரிவதற்கான காற்றைத் தனிக் குழாய் வழியே வெளியிலிருந்து இழுத்து, எரிந்த வாயுவை வேறொரு குழாயில் வெளியே தள்ளும்படி அமைக்கலாம். அறைக்காற்று அந்த உலோக அறையின் வெளிப்புறத்தைத் தழுவிச் சூடேறித் திரும்புகிறது. சுடரும் அறைக்காற்றும் ஒன்றையொன்று சந்திப்பதேயில்லை. இரண்டு கிலோவாட் அளவுள்ள கருவி, முழு வேகத்தில் மணிக்குக் கால் லிட்டர் டீசலும் சுமார் 30 வாட் மின்சாரமும் கொள்ளும். பற்றவைக்கும் சில நிமிஷங்களில் மட்டும் அதைப் போலப் பல மடங்கு மின்சாரம் கேட்கும். பாட்டரி நலிந்திருந்தால் பற்றாமலே நின்றுவிடும் என்பது இதன் பலவீனம்.

இவ்விரண்டுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை: பெரிய கணப்பை வாங்கிக் குறைத்து எரித்துக்கொள்ளலாம் என்று எண்ணக் கூடாது. டீசல் தாழ்ந்த சுடரில் நன்றாக எரிவதில்லை. கரி படிந்து, வழி சுருங்கி, ஒரு நாள் நின்றுவிடும். இரண்டு கிலோவாட் போதுமான அறைக்கு ஐந்து கிலோவாட் கருவியை வைப்பவர் அடிக்கடி அதைப் பிரித்துச் சுத்தம் செய்துகொண்டேயிருப்பார். அளவானதை வாங்கி, நாளில் ஒரு முறையேனும் முழு வேகத்தில் எரியவிடுவதே அதன் ஆயுளை நீட்டிக்கும்.

குழாயின் போக்கு

வெளியேற்றும் குழாயைப் பொருத்துவதில்தான் அனுபவசாலியின் கை தெரியும். சாய்ந்து ஓடும் படகில் பக்கவாட்டுத் துவாரங்கள் நீருக்குள் அமிழும். ஆகையால் குழாயின் வாய் பின்புறத்தில் உயரமாக இருக்க வேண்டும். துரத்தி வரும் அலை உள்ளே ஏறாதபடி, வாய்க்குமுன் குழாய் ஒரு முறை மேலெழுந்து வளைந்து இறங்க வேண்டும். அதே சமயம், தளத்தில் அமர்ந்து சுக்கான் பிடிப்பவர்மீது புகை திரும்பாமலும், திறந்த சாளரம் அதை உள்ளிழுக்காமலும் இருக்க வேண்டும். குழாய் மரத்தையோ கண்ணாடியிழையையோ கடந்து செல்லும் இடத்தில் சூடு தாங்கும் உறை அவசியம். இவ்வளவும் செய்த பிறகும், உறங்கும் இடத்தருகே கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று இருந்தே ஆகவேண்டும். கணப்பின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம். சூடான காற்று வெளிப்படும் வாய் தரையை ஒட்டியிருக்கட்டும். மேலே விட்டால் சூடு கூரையில் தங்கி, கால் விறைத்துக்கொண்டேயிருக்கும்.

உப்பேறிய உடுப்பு

மாலுமியின் அறையில் ஈரத்தின் இன்னொரு மூலம் அவன் கழற்றிப் போடும் உடுப்பு. கடல்நீரில் நனைந்த துணி மழைநீரில் நனைந்த துணியைப் போல உலர்வதில்லை. ஐப்பசி மழையில் நம் வீட்டு உப்புச் சாடி கசிவதை அறியாதவர் இல்லை. ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. கடலுப்பிலுள்ள மக்னீஷிய உப்புகள் அதைவிட வறண்ட காற்றிலும் நீரை இழுப்பவை. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளைந்த பின் எஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவது, விளைந்த உப்பு அவ்வாறு கசியாமலிருப்பதற்கும் உதவுகிறது. துணியில் படிந்த கடல்நீரிலிருந்து அந்தக் கசப்பை வடிப்பவர் யாருமில்லை. ஆகவே, கணப்பில்லாத படகில், ஒப்பு ஈரப்பதம் 90ஐ ஒட்டி நிற்கும் காற்றில், அந்த உடுப்பு வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். நம் கணக்குப்படி 50க்கு இறங்கிய அறையிலும் அது முற்றாக உலராது. முழுவதும் உலர வேண்டுமானால், ஒரு குவளை நன்னீராவது செலவழித்து உப்பை அலசிவிட வேண்டும்.

அலசிய உடுப்பை உறங்கும் அறையில் தொங்கவிடாமல், சிறிய தனி அலமாரியில் மாட்டி, கணப்பிலிருந்து ஒரு கிளைக்குழாயை அதன் அடிக்குக் கொண்டுபோய், அலமாரியின் மேற்புறத்தில் படகுக்கு வெளியே திறக்கும் துவாரம் ஒன்றை வைத்தால், துணி விட்ட நீராவி அறைக்குள் திரும்பாமல் வெளியேறிவிடும். அந்தத் துவாரத்தை அறைக்குள்ளேயே திறந்துவிட்டால், துணியின் நீர் மெத்தைக்கு இடம் மாறும், அவ்வளவே. விழித்திருக்கும் முறை மாறும் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகக் கிளைக்குழாயைத் திறந்துவைப்பது வழக்கமாகட்டும். நடுநிசியில் தளத்துக்கு ஏற வேண்டியவருக்கு அப்போது உலர்ந்த உடுப்புக் கிடைக்கும்.